நாற்பத்தோராம் நிமிடம்

ராஜராஜேஸ்வரிக்கு வாய்த்தது உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் ஓரிடத்தில் உட்காருவது மட்டும் அவளுக்குப் பிறவியிலேயே வராது. கம்ப்யூட்டரில் யாரோ வீட்டுக் கல்யாணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுப்படிக்குப் போய்க் குக்கரைத் திறப்பாள், மாடிக்கு ஏறிக் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வருவாள், நின்றபடியே மௌஸைத் தட்டிவிட்டு மறுபடி எங்கேயாவது கிளம்புவாள். “காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பொறந்திருக்கா” என்பான் அவள் கணவன் பரமசிவன். அவன் தாலுகா ஆபீசில் ஜீப் ஓட்டுகிறவன். வண்டி நின்றுவிட்டால் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து தூங்கிவிடக்கூடிய மனுசன்.

சங்கரன்கோவிலில் ரயில்வே பீடர் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி வைத்திருந்தாள் ராஜி. பழைய கேம்கார்டர் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பாள். தென்காசி, ராஜபாளையத்திலிருந்துகூட ஆட்கள் தேடி வருவார்கள். இந்த வேலைக்கான பழைய கம்ப்யூட்டரும் பழைய கேபிளும் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை.

ஆடித்தபசுக்குக் கொடியேறிய மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலையில், பிரேமலதா வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை.

“அக்கா, இது எங்கல்யாண கேசட்டு. பத்தொம்பது வருசமாச்சு. இதுல சாப்பாட்டுப் பந்தி இருக்கான்னு பாக்கணும். டிவிடில அது மட்டும் இல்ல.”

ராஜி பையிலிருந்து கேசட்டை எடுத்துப் பார்த்தாள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. முதுகில் ஒட்டிய சீட்டில் பச்சை மையில் எழுதியிருந்தது: ‘பிரேமலதா. டேப் 2. நாற்பத்தொண்ணுக்கு மேல் காலி.’

அது ராஜியின் கையெழுத்து.

“என்னக்கா, கெட்டுப் போச்சா?”

“இல்ல… இல்ல. பாக்கேன். எதுக்கு இப்ப அவசரம்?”

பிரேமலதா நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொந்த ஊர் இளையரசனேந்தல் பக்கம். அப்பா மருதப்பன், அவளைத் தன் தங்கை மகனுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவள் முடியாதென்று ஒற்றைக் காலில் நின்றாள். அம்மாவும் தாய்மாமனும் சேர்ந்து சங்கரன்கோவிலில் தறி வைத்திருக்கிற ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள். “அந்தக் கல்யாணத்துல நான் கை நனைக்க மாட்டேன்” என்று ஊரறியச் சொன்னார் மருதப்பன். முகூர்த்தத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு மகள் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. அவளும் விட்டுக்கொடுக்காமல் இருந்துவிட்டாள். அம்மாவைப் பார்க்கப் போனால், அப்பா வயலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போவாள்.

“அம்மா எறந்து இன்னைக்குப் பன்னெண்டு நாளு. நேத்து எங்க மாமா பொண்டாட்டி, அத்தை, அழுதுக்கிட்டே சொல்லுதா, ‘உங்கப்பன் ஒங்கல்யாணத்துக்கு வந்தாருட்டி, கடைசிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு, நான்தான் ரசம் ஊத்துனேன், யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு’ன்னு. அப்பாகிட்ட அண்ணன் கேட்டான். ‘நானா? எனக்கு வேற சோலியில்லையா?’ன்னுட்டாரு. யார நம்ப? வெள்ளிக்கெழம பதினாறாம் நாள் விசேஷம். அவரு முன்னால போய் நிக்கணும். அதுக்குள்ள எனக்குத் தெரியணும்க்கா.”

“வியாழக்கெழம வாங்க” என்றாள் ராஜி. பிரேமலதா போன பிறகு, கேசட்டை மேசையில் வைத்தாள், எடுத்தாள், டிராயருக்குள் போட்டாள், மறுபடி எடுத்தாள்.

அந்தக் கல்யாணத்தின்போது ராஜிக்கு இருபத்தொரு வயது. நெல்லைநாயகம் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் மிக்ஸிங் வேலை. படம் பிடிக்கப் போவது அண்ணாச்சி. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, பாட்டுப் போடுவது ராஜி. அந்த ஆவணியில் பதினோரு கல்யாணம். பிரேமலதாவின் இரண்டாவது கேசட் நாற்பத்தோராம் நிமிடத்தில் நின்றது. திரும்ப ஓட்டினாள், அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறையும் நின்றதும், பொறுமை செத்துப்போய், அதற்கப்புறம் ஒன்றும் இல்லையென்று முடிவு கட்டிவிட்டாள். கேமராவின் சின்னத் திரையில் ஒருதரம் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அண்ணாச்சியிடம், “பந்தி பதியல அண்ணாச்சி” என்று சொன்னாள்.

மறுவருடமே வேறொரு கேசட்டில் இதே கோளாறு வந்தது. அப்போதுதான் அவளுக்குக் காரணம் பிடிபட்டது. கேமராவானது படத்தோடு சேர்த்து ஒவ்வொரு நொடிக்கும் ஒரு எண்ணை டேப்பில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கொஞ்சம் வெற்று டேப் விழுந்துவிட்டால், அந்த எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மென்பொருள் அந்த எண்ணைத்தான் நம்பியிருக்கும்; எண் அறுந்ததும் கேசட் முடிந்ததென்று நின்றுவிடும். அதற்கு அப்பாலும் கல்யாணம் நடந்துகொண்டுதான் இருக்கும். இது தெரிந்த அன்றைக்கு ராஜிக்குப் பிரேமலதா கேசட் ஞாபகம் வந்தது. கேசட்டுகளை அதற்குள் வீட்டுக்காரர்களிடம் கொடுத்தாகிவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்னொன்றும் இருந்தது. கல்யாணம் நடந்த வருடமே ஒரு அம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்து, “பந்தி இல்லியே தாயி, நல்லாப் பாத்தியா?” என்று கேட்டிருந்தாள். “இல்லம்மா, பேட்டரி போயிருச்சு” என்றாள் ராஜி. பத்து நாள் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்தாள். கேள்வி ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். கல்யாண வீடியோவில் சாப்பாட்டுப் பந்திக்காக யாராவது இரண்டு தடவை பஸ் ஏறி வருவார்களா என்று அன்றைக்கு ராஜி சிரித்திருந்தாள். அது பிரேமலதாவின் அம்மா. இப்போது, அவள் செத்துப் பன்னிரண்டாம் நாளில், அவள் எதற்கு வந்தாள் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை முழுவதும், கேசட்டை ஓட்டுவதற்கு ராஜி வைத்திருந்த கேமராவையே கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை. ‘சாதனம் இணைக்கப்படவில்லை’ என்ற ஒரே பதில். கேமராவைப் பதிவு நிலையிலிருந்து ஓட்டும் நிலைக்கு மாற்றினாள். மென்பொருளை மூடித் திறந்தாள். ஃபயர்வயர் கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். முன்பக்க ஓட்டையை விட்டுப் பின்பக்கக் கார்டில் மாட்டினாள். வேறு கேபிள் போட்டாள். கடைசியில், கம்ப்யூட்டர் தானாகவே புதுசாக மாற்றிக்கொண்டிருந்த டிரைவர் புரோகிராமைத் தூக்கிவிட்டுப் பழையதைப் போட்ட பிறகு, சாயங்காலம் நாலு மணிக்குத் திரையில் நீலம் விழுந்தது. பிறகு மாலையும் கழுத்துமாகப் பிரேமலதா.

செவ்வாய்க்கிழமை மென்பொருள் நாற்பத்தோராம் நிமிடத்தில் நின்றது. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். கேமராவை மென்பொருள் ஓட்டுகிற ஏற்பாட்டை நிறுத்தினாள். ஃபிரேம் விட்டுப்போனால் நின்றுவிடு என்ற கட்டளையையும் எடுத்தாள். டேப்பைக் கையாலேயே நாற்பத்திரண்டுக்குத் தள்ளி, கேமராவில் ப்ளேயைத் தட்டி, திரையில் பதிவைத் தட்டினாள்.

படம் வந்தது. ஆனால் அது படமில்லை. கட்டம் கட்டமாகச் சிதறிய நிறங்கள். நடுவே ஒரு வாழையிலைப் பச்சை, யாரோ ஒருவரின் பாதி மூக்கு. சத்தமும் விட்டுவிட்டு வந்தது. கேமராவுக்குள் டேப்பைப் படிக்கிற தலையைச் சுத்தம் செய்கிற கேசட்டைப் பத்து நொடி ஓட்டினாள். டேப்பை ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பச் சுற்றி, இறுக்கத்தைச் சீராக்கினாள். கட்டங்கள் போகவில்லை.

“ஏட்டி, சோறாவது திங்கியா, இல்ல அதையே பாத்துக்கிட்டு நிக்கியா?” என்றான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பரமசிவன்.

“நீங்க சாப்பிடுங்க.”

“காலையிலயும் திங்கல. ஒடம்புக்கு என்ன பண்ணுது?”

அவள் தெருவுக்குப் போய் நின்றாள். ரத வீதிப் பக்கமிருந்து ஒலிபெருக்கி, பக்கத்துத் தறிச் சத்தம், பாதை மாற்றிவிட்ட பஸ்களின் ஹாரன். திரும்பி உள்ளே வந்தவள், “வாசுதேவநல்லூருக்குப் போகணும், நாளைக்கு” என்றாள்.

அண்ணாச்சி கேசட்டை மிச்சம் பிடிப்பதற்காகப் பந்தியை மட்டும் மெது வேகத்தில் படம் பிடிப்பார். அறுபது நிமிட டேப்பில் தொண்ணூறு நிமிடம் அடங்கும். அப்படி ஒரு கேமரா எழுதியதை இன்னொரு கேமரா பல நேரம் படிக்காது. எழுதிய கேமராவேதான் வேண்டும். அது அண்ணாச்சியிடம்தான் இருக்கும். அவர் ஸ்டுடியோவை மூடிவிட்டு, மகள் வீட்டோடு போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது.

புதன்கிழமை புளியங்குடியில் பஸ் மாறி வாசுதேவநல்லூரில் இறங்கியபோது மணி பத்து. பஸ்ஸில் இடம் இருந்தும் பாதி வழி நின்றுகொண்டே வந்தாள். அண்ணாச்சி பனியனோடு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி ராஜி! வா மக்கா. என்ன, திடீருன்னு?”

விஷயத்தைச் சொன்னாள். கேமரா வேண்டும் என்கிற அளவுக்கு மட்டும் சொன்னாள். அவர் உள்ளே போய்ப் பீரோவுக்கு மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். உறை போட்டு, சிலிக்கா பொட்டலம் போட்டு, புதுசு மாதிரி வைத்திருந்தார்.

“பிரேமலதா கல்யாணமா? அத மறப்பேனா?” என்றார் அண்ணாச்சி. “தாலி கட்டி முடிச்சதும் தாய்மாமன் வந்து, ‘கட்டுனத ஒருதரம் காட்டுங்க’ன்னு நச்சரிச்சாரு. ஓட்டிக் காட்டிட்டு, அப்புறம் பந்திக்குப் போனேன். மூணு பந்தி எடுத்தேன். எடுத்தேன்னுதான் நெனச்சேன். நீ ஒண்ணும் பதியலன்ன. பட்டன அமுக்காமலே சுத்திருக்கேன், பாரு! இருவது வருசத் தொழில்ல அப்படி ஒரு கூத்து நடந்ததேயில்ல. அந்தப் பொண்ணோட அம்மா வீட்டுக்கு நேர்ல போயி மன்னிப்புக் கேட்டேன் மக்கா. அன்னையில இருந்து, செவப்பு லைட்டு எரியுதான்னு நான் பாத்தது பத்தாம பக்கத்துல நிக்கவனையும் பாக்கச் சொல்லுவேன். கை மேல நம்பிக்கை போச்சு.”

ராஜிக்கு இப்போது விளங்கியது. அவர் ஓட்டிக் காட்டினார். கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டிருப்பார். வெற்று டேப் விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, அது பதிஞ்சிருக்கு.”

“என்னது?”

“பந்தி பதிஞ்சிருக்கு. நேத்துப் பாத்தேன், கட்டம் கட்டமா வருது. நாந்தான் அன்னைக்குச் சரியாப் பாக்கல. அடுத்த வருசமே எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல.”

நெல்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். பனியன் நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவள் எழுந்து நின்றாள். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

“அப்ப நான் அமுக்கிருக்கேன்.”

“ஆமா அண்ணாச்சி.”

“அமுக்கிருக்கேன்” என்று மறுபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, “அதச் சொல்ல ஒனக்குப் பதினெட்டு வருசமா?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை அதிகமாக அறுத்தது. “கேமராவ எடுத்துக்கிட்டுப் போ. அந்தப் பொண்ணுகிட்டயும் இதே மாதிரி சொல்லு. டேப்பு தானா சரியாச்சுன்னு கதை விட்ட, எனக்குத் தெரிஞ்சுரும்.”

காப்பி கொண்டுவந்த அவர் மகளிடம், குடிக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தாள். திரும்பும்போது திருவிழாக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கேமராப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஒன்றரை மைல் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேபிளை மாட்டினாள். நாற்பத்தொன்று, வெற்று நீலம், பிறகு ஒரு துள்ளல், அதற்கப்புறம் கண்ணாடி மாதிரிப் படம். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். இலைகள். ஓடுகிற வாளிகள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்கள்.

அன்றைக்கு முதல் தடவையாக அவள் எழுந்திருக்கவில்லை. முதல் பந்தியை முழுசாகப் பார்த்தாள். இரண்டாவதையும் பார்த்தாள். மூன்றாவது பந்தியில், வரிசைக் கடைசியில், தூணை ஒட்டி ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. சுற்றுமுற்றும் பார்க்காமல் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசவாளியோடு ஒரு பெண் குனிந்தாள். அவர் கையைக் குவித்து வாங்கிக் குடித்தார். நிமிர்ந்தபோது கேமராவைப் பார்த்துவிட்டார். இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, வலது கையால் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. எல்லாம் சேர்த்துப் பதினான்கு நொடி.

அந்த மனிதரை ராஜிக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கல்யாண வீட்டில் ஒளிந்து சாப்பிடுகிறவர் வேறு யாராக இருக்கமுடியும்?

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பிரேமலதா வந்தாள். ராஜி முன்னுரை எதுவும் சொல்லாமல் ஓட்டிக் காட்டினாள். பிரேமலதா திரைக்கு மிக அருகில் போய், மூச்சுப் படுகிற தூரத்தில் பார்த்தாள்.

“இன்னொரு தடவை.”

ஓட்டினாள்.

“இன்னொரு தடவைக்கா.”

ஐந்தாவது தடவைக்குப் பிறகு பிரேமலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “கையைக் குவிச்சு வாங்குதாரு பாருங்க. வீட்லயும் அப்படித்தான். தம்ளர்ல குடுத்தா குடிக்கமாட்டாரு.”

ராஜி எழுந்தாள். ஜன்னலோரம் போனாள், திரும்பி வந்தாள். கேசட் முதுகில் இருந்த பச்சை எழுத்தைக் காட்டினாள்.

“இது நான் எழுதுனது. அன்னைக்கு அந்த ஸ்டுடியோவுல மிக்ஸிங் பண்ணுனவ நாந்தான். இது அன்னைக்கே பதிஞ்சுதான் இருந்துச்சு. நான் சரியாப் பாக்காம காலின்னுட்டேன். பின்னால தெரிஞ்சும் சொல்லல.”

பிரேமலதா அந்தப் பச்சை எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“எங்கம்மா கேசட்டு விசயமா கடைக்குப் போனேன்னு ஒருதரம் சொன்னா. உங்ககிட்டதான் வந்தாளா?”

“ரெண்டு தடவை வந்தாங்க.”

“அவளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் பிரேமலதா. “அவளும் சத்தியம் பண்ணிக் குடுத்திருப்பா, வாயால சொல்ல முடியாது. நான் இதப் பாத்துத் தெரிஞ்சுக்கிடணும்னு நெனச்சிருக்கா. அதுக்குத்தான் இந்தக் கேசட்ட மஞ்சப் பையில சுத்தி, கடைசி வரைக்கும் பீரோவுல வச்சிருந்திருக்கா.” திரையில் நின்றிருந்த படத்தைப் பார்த்தாள். “பத்தொம்பது வருசம்க்கா. எங்கப்பா தெருவுல எதுக்க வந்தா நான் ஒதுங்கிப் போயிருக்கேன்.”

“தெரியும்மா. நான்…”

“ஒண்ணும் சொல்லாதீங்க.”

பென்டிரைவை எடுத்துக்கொண்டு அவள் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கேசட்டையும் எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ராஜிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இந்நேரம் இலை போட்டிருப்பார்கள், இந்நேரம் சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள் என்று மணிக்கொரு தரம் மனம் இளையரசனேந்தலுக்குப் போய்வந்தது. கோவிலுக்குப் போய்ப் பார்த்தாள். கூட்டத்தில் கோமதியம்மன் சந்நிதிவரை போக முடியாமல் திரும்பினாள். பரமசிவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டுவிட்டு, “சொல்லிட்டேல்லா, இனி உக்காரு” என்றான். உட்கார முடியவில்லை.

ஒன்பது நாள் கழித்து, மத்தியானம், பிரேமலதாவே போன் செய்தாள்.

“விசேஷத்தன்னைக்குக் காட்டல. அவரு முகத்தப் பாத்தா மனசு வரல. கூட்டமெல்லாம் போனப்புறம், ரெண்டு நாள் கழிச்சு, போன்ல போட்டுக் கையில குடுத்தேன். பாத்தாரு.”

“என்ன சொன்னாங்க?”

“‘பசிச்சுது, சாப்பிட்டேன்’ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. போனத் திருப்பிக் குடுக்காம கையிலயே வச்சிருந்தாரு. அதுல எங்கம்மாவும் வாரால்லா, வாளியத் தூக்கிக்கிட்டுப் பின்னால. அவளத்தான் திரும்பத் திரும்பப் பாத்தாரு. நான் அவளக் கவனிக்கவே இல்லக்கா.”

ராஜியும் கவனித்திருக்கவில்லை. தூணுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி வந்து நின்றது மட்டும் மங்கலாக ஞாபகம் இருந்தது.

“நேத்து எங்க வீட்டுக்கு வந்திருக்காரு. மாடியில உக்காந்து தறிய எண்ணிக்கிட்டிருக்காரு, பேச்சு ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் இருப்பேன்னு சொல்லிருக்காரு.”

“நல்லதும்மா.”

பிறகு பிரேமலதா சொன்னாள்: “உங்க மேல உள்ள கோவம் எனக்குப் போகலக்கா. பொய் சொல்ல விரும்பல. போச்சுன்னா, அன்னைக்கு நானே வந்து சொல்லுதேன்.”

“வாங்க” என்றாள் ராஜி. “எப்ப வேணாலும் வாங்க.”

போன் வைக்கப்பட்ட பிறகு அதே நாற்காலியில் வெகுநேரம் இருந்தாள். இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. பிரேமலதா இன்னும் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ராஜி எழுந்து எட்டிப் பார்க்கிறாள்.